ஷார்ஜா பெட்டி: சுருட்டுவதா, மடிப்பதா?

அம்பை மருமகள்:
அடுத்த மாதம் திருவனந்தபுரத்தில் விமானம் ஏறி ஷார்ஜா போகிறேன். அவர் அங்கே வேலையில் இருக்கிறார், எனக்கு இதுதான் முதல் தடவை. டிக்கெட்டில் பெட்டிக்கு 30 கிலோ, கைப்பைக்கு 7 கிலோ. அத்தை பொடி, வடகம், கருப்பட்டி என்று எல்லாம் கட்டி வைத்துவிட்டார்கள். துணிகளைச் சுருட்டி வைத்தால் மொத்தமும் அடங்கிவிடும் என்கிறாள் தங்கச்சி. சரியா?

பாளைப் பையன்:
தங்கச்சி சொல்வதுதான் சரி, அக்கா. நைட்டி, பனியன், ஜீன்ஸ் எல்லாவற்றையும் இறுக்கிச் சுருட்டிச் செங்குத்தாக நிறுத்துங்கள். எது எங்கே இருக்கிறது என்று மேலிருந்தே தெரியும். ஒன்றை எடுக்க மற்றதைக் கலைக்க வேண்டாம். சாக்ஸைச் செருப்புக்கும் ஷூவுக்கும் உள்ளே திணியுங்கள். காற்றை உறிஞ்சி எடுக்கும் பிளாஸ்டிக் உறையில் போட்டால் போர்வை பாதியாகிவிடும். நெல்லை எக்ஸ்பிரஸில் சென்னை போனால் எனக்கு ஒரே பைதான், கீழ் பெர்த்துக்கு அடியில் நுழைந்துவிடும்.

டவுன் அண்ணாச்சி:
தம்பி, பனியனைச் சுருட்டு, நான் தடுக்கவில்லை. கஞ்சி போட்ட பருத்திச் சேலையைச் சுருட்டாதே. காலர் வைத்த சட்டையையும் சுருட்டாதே, காலர் உடைந்துபோகும். ஜவுளிக்கடையிலேயே காலம் கழித்தவன் சொல்கிறேன். பெரிய துணியைப் பெட்டியின் அடியில் விரித்து, ஓரங்களை வெளியே தொங்க விடு. நடுவில் சின்னத் துணிகளை அடுக்கிவிட்டு ஓரங்களை உள்ளே மடித்து மூடு. மடிப்புக்குள் வேறு துணி மெத்தையாக இருப்பதால் கோடு விழாது.

பாளைப் பையன்:
பத்தமடைப் பாயை ஏன் அண்ணாச்சி சுருட்டியே கொண்டுபோகிறோம்? மடித்தால் கோரை ஒடியும் என்றுதானே. பட்டுச் சேலையில் சரிகையும் அப்படித்தான், ஒரே மடிப்பில் நாள்கணக்கில் கிடந்தால் அந்த இடத்தில் இழை விட்டுப்போகும்.

டவுன் அண்ணாச்சி:
பட்டுக்கு ஒத்துக்கொள்கிறேன். வெள்ளைப் பருத்தித் துணியைச் சேர்த்து வைத்துச் சுருட்டலாம். மற்றதில் நான் சொன்னது சொன்னதுதான்.

கடையநல்லூரான்:
இரண்டு பேரும் இடத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். ஷார்ஜா போகிற அம்பைத் தங்கச்சிக்குத் தடை இடம் இல்லை, எடை. சுருட்டினாலும் மடித்தாலும் ஒரு கிலோ துணி ஒரு கிலோதான். காற்றை உறிஞ்சினால் பெட்டியில் இடம் காலியாகத் தெரியும். அதைப் பார்த்து இன்னும் நாலு பொருள் உள்ளே போகும். அப்புறம் விமான நிலையத்தில் கவுண்டர் முன்னால் பெட்டியைத் திறந்து, எதை வீட்டுக்குத் திருப்பி அனுப்புவது என்று கண் கலங்கி நிற்பார்கள். ஊர் ஜனங்கள் அப்படி நிற்பதைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கும். ரயிலில் ஸ்லீப்பருக்கு 40 கிலோ வரை இலவசம், அங்கே இடம்தான் பிரச்சினை. தம்பி ரயில் கணக்கை விமானத்துக்குப் போடுகிறார்.

முதலில் வெறும் பெட்டியை நிறுத்துப் பாருங்கள். பெரிய பெட்டி என்றால் அதுவே 4, 5 கிலோ இருக்கும். தொங்கவிட்டு நிறுக்கும் சின்னத் தராசு ஒன்று வாங்குங்கள். கனமானதைச் சக்கரம் இருக்கும் பக்கம் வையுங்கள். பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும், பெட்டியில் போடக் கூடாது. மிக முக்கியமாக, குருமாவுக்கு என்று யாராவது கசகசா கட்டித் தந்தால் எடுத்து வெளியே வைத்துவிடுங்கள். அமீரகத்தில் அதற்குத் தடை. மசாலாப் பொடியில் அரைத்துப் போட்டிருக்கிறார்களா என்றும் கேளுங்கள். மருந்து இருந்தால் மருத்துவர் சீட்டோடு கொண்டுபோங்கள்.

கருப்பட்டி, அரிசி, பருப்பு எதுவும் வேண்டாம். ஷார்ஜாவில் நம்மூர்ச் சாமான் விற்கும் கடைகள் நிறைய உண்டு.

களக்காட்டு அத்தை:
கடையநல்லூர்த் தம்பிக்கு அங்கே பழகிப்போன ஊர், கடை தெரியும். இந்தப் பிள்ளை புதுசாகப் போகிறது. போய் இறங்கிய வாரத்திலேயே கடை தேடி அலையுமா? உடம்புக்கு முடியாமல் போனால் ஒரு சுக்குக் காபிக்குக் கருப்பட்டி வேண்டாமா? சேலையில் நாலைக் குறைக்கச் சொல்லுங்கள், மாமியார் கட்டித் தந்ததைக் குறைக்கச் சொல்லாதீர்கள்.

கடையநல்லூரான்:
சுக்குக் காபிக்கு அரைக் கிலோ போதும் அத்தை. வீட்டில் கட்டியிருப்பது எவ்வளவு என்று கேளுங்கள்.

அம்பை மருமகள்:
இப்போதுதான் நிறுத்துப் பார்த்தேன் அண்ணாச்சி. கருப்பட்டி மட்டும் 5 கிலோ. வடகமும் கூழ்வத்தலும் எடையே இல்லை, ஆனால் பாதிப் பெட்டியை அடைக்கிறது.

பாளைப் பையன்:
பார்த்தீர்களா, இடமும் பிரச்சினைதான்! வத்தலை டப்பாவில் போட்டு நடுவில் வையுங்கள், சுற்றிலும் சுருட்டிய துணி. நொறுங்காது.

டவுன் அண்ணாச்சி:
அதற்கு மட்டும் சுருட்டலாம்.

அம்பை மருமகள்:
கருப்பட்டி 1 கிலோ எடுத்துக்கொள்கிறேன். வீட்டில் அத்தையிடம் அவரையே பேசச் சொல்லியிருக்கிறேன். அல்வா எங்கே வைப்பது?

கடையநல்லூரான்:
பெட்டியில்தான். கைப்பையில் வைத்தால் சோதனையில் நிறுத்த வாய்ப்பு உண்டு. கிளம்புகிற அன்றைக்கு வாங்கி, எவர்சில்வர் டப்பாவில் அடைத்து, வெளியே இரண்டு பிளாஸ்டிக் உறை போடுங்கள். நெய் கசிந்தால் பட்டுச் சேலையில் கறை போகாது. அரைக் கிலோ.

களக்காட்டு அத்தை:
ஒரு கிலோ. அவர் கூட வேலை பார்க்கிறவர்களுக்குக் கொடுக்க வேண்டாமா?