'விக்கிட்' என்ற சொல்லுக்குத் தமிழில் என்ன போடுவது?

மயிலைவாசி:
வணக்கம். சென்னை மழைநீர் வடிகால் பற்றிய ஆங்கிலக் கட்டுரை ஒன்றைத் தமிழாக்குகிறேன். அதில் 'விக்கிட் பிராப்ளம்' என்று வருகிறது. அகராதியில் தீய, கொடிய என்றுதான் இருக்கிறது. 'தீய பிரச்சினை' ஒட்டவே இல்லை. 'விக்கிட் ஸ்மைல்' என்பதற்கும் இதே பொருள்தானா?

சொல்தேடி:
ஒரே சொல்லை எல்லா இடத்திலும் போட முடியாதுங்க, பின்னால் வரும் பெயர்ச்சொல்லைப் பாருங்க. கிங் ஜேம்ஸ் பைபிளில் ஏசாயா 48:22-ல் வரும் 'விக்கிட்', தமிழ் வேதாகமத்தில் 'துன்மார்க்கர்'. அந்தக் கனம் சிறுவர் கதை தாங்காது. 'விக்கிட் ஸ்டெப்மதர்' என்றால் கொடுமைக்காரச் சித்தி, அவ்வளவுதான். சிரிப்போடு வந்தால் 'விஷமச் சிரிப்பு'. அங்கே 'தீய' போட்டால் குறும்புக்காரன் வில்லனாகிவிடுவான். இரண்டு பக்கமும் சாய்கிற தமிழ்ச் சொல் 'பொல்லாத': பொல்லாத வியாதி என்றால் பயம், பொல்லாத பொண்ணு என்றால் செல்லம்.

அடையாறுக்காரன்:
'விக்கிட் பிராப்ளம்' கலைச்சொல். ரிட்டல், வெபர் என்ற இரு பேராசிரியர்கள் 1973-ல் நகரத் திட்டமிடல் பற்றிய கட்டுரையில் விளக்கியது. ஒழுக்கக்கேடு என்ற பொருளில் சொல்லவில்லை என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். பிரச்சினை எது என்பதிலேயே ஒத்த கருத்து இருக்காது, 'முடிந்தது' என்று நிறுத்த ஓர் இடமும் இருக்காது, ஒரு பக்கம் சரிசெய்தால் இன்னொரு பக்கம் கிளம்பும். நம்ம தெருவையே பாருங்க: பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே ரோடு போட்டால் ரோட்டில் தண்ணீர் நிற்காது, வாசற்படி பள்ளமாகி வீட்டுக்குள் வரும். 'தீராத சிக்கல்' என்று எழுதினால் முயற்சியே வீண் என்று தொனிக்கும். என் தேர்வு 'பிடிகொடாத சிக்கல்'. முதல் முறை மட்டும் 'விக்கிட் பிராப்ளம் எனப்படும்' என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

சொல்தேடி:
'பிடிகொடாத' அருமை. நான் யோசித்ததைவிட நல்ல சொல்.

மெரினா காற்று:
எழுத்துக்கூட்டலிலும் கவனம். 'விக்கெட்' என்று எழுதினால் சேப்பாக்கத்தில் விழுகிற விக்கெட்தான் நினைவுக்கு வரும்; 'விக்கிட்' என்றே எழுதுங்க. சொல்லும்போது கடைசி ஒலி 'வண்டி'யில் வரும் டகரம் மாதிரி மெலிந்து ஒலிக்கணும். திரி எண்ணெயை உறிஞ்சியது என்ற வினைக்கும் ஆங்கிலத்தில் இதே எழுத்துகள்தான், ஆனால் அது 'விக்ட்', ஓரசை.

பாஸ்டன் பக்கம் 'விக்கிட் குட்' என்பார்கள். அதற்கு அகராதியே வேண்டாம். 'பிரியாணி பயங்கர டேஸ்ட்டு'ன்னு நாம சொல்றோமே, அந்தப் 'பயங்கர'தான்.