மழைநீர்க் கிணற்றில் தண்ணீர் இறங்கவில்லை, வழி சொல்லுங்கள்

வணக்கம். வேளச்சேரியில் எங்கள் தெருக்காரர்கள் சேர்ந்து பணம் போட்டு, போன ஆனியில் ஒரு மழைநீர்க் கிணறு எடுத்தோம். நிரம்பிய தண்ணீர் மண்ணுக்குள் இறங்கவே மாட்டேன் என்கிறது.

3 அடி விட்டம், 15 அடி ஆழம், துளையிட்ட சிமென்ட் உறைகள். மொட்டை மாடித் தண்ணீர் மட்டும், ஜல்லியும் மணலும் போட்ட வடிகட்டித் தொட்டி வழியாக வருகிறது. சாக்கடை கலக்கவில்லை. தோண்டும்போது 6 அடிக்குக் கீழே வெறும் களிமண்தான், அடிவரைக்கும். ஐப்பசி மழையில் ஒரே ராத்திரியில் நிரம்பியது. மழை விட்டு ஒரு வாரமாகியும் ஒரு சாண்கூடக் குறையவில்லை. கொசுவும் வர ஆரம்பித்துவிட்டது.

வண்டல் அள்ளினோம், வடிகட்டி மணலை மாற்றினோம், அடியில் கிடந்த கூழாங்கல்லைக் கழுவிப் போட்டோம். எதுவும் எடுபடவில்லை. கிணறு வெட்டியவர் “போகப்போக இறங்கும்” என்றதோடு சரி. பெசன்ட் நகர் நண்பர்கள் சொல்லும் யோசனைகள் மணற்பாங்கான இடத்துக்குத்தான் பொருந்தும். இது சரியானால் பக்கத்துத் தெருவும் எடுக்கத் தயாராக இருக்கிறது, அதனால் கைவிட மனமில்லை.

களிமண் பகுதியில், கிணற்றின் அடியிலிருந்து மணல் அடுக்குவரை போர் இறக்கித் தண்ணீரை உள்ளே அனுப்பியவர்கள் யாராவது இருந்தால், எத்தனை அடி இறக்கினீர்கள், தண்ணீர் இறங்கியதா?