மறு: ‘பெர்க்ஃப்ரை’ – புவிவெப்பச் சட்டச் சொல்லுக்குத் தமிழ்

> ‘கட்டற்ற கனிமம்’ என்று வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம் ஐயா. ‘பெர்க்ஃப்ரை’ (bergfrei) என்பது, நிலத்துக்காரருக்குச் சேராத கனிமங்களைக் குறிக்கும் ஜெர்மன் சுரங்கச் சட்டச் சொல்; புவிவெப்பமும் அந்தப் பட்டியலில் வருகிறது. கட்டற்ற மென்பொருள் என்று சொல்லிச் சொல்லி, யாரும் எடுத்து ஆளலாம் என்ற பொருள் அந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. ஜெர்மனியில் நிலைமை நேரெதிர். 1982 முதல் நடப்பில் உள்ள அவர்களுடைய சுரங்கச் சட்டப்படி, பட்டா உங்கள் பெயரில் இருந்தாலும் அடியில் உள்ள சூடு உங்களுடையதல்ல. தேடுவதற்கு ஓர் அனுமதி, எடுப்பதற்கு இன்னொன்று. இரண்டும் கிடைத்தாலும் துளைபோடும் திட்டத்துக்குச் சுரங்கத் துறை தனியாக ஒப்புதல் தரவேண்டும். அப்புறம் நீர்ச் சட்டம் வேறு!

‘அரசுக் கனிமம்’ என்ற யோசனையும் பொருந்தாது. எடுக்கும்வரை அது யாருக்கும் சொந்தமில்லை. உரிமம் பெற்றவர் எடுத்ததும் அவருடையதாகிறது.

என் பரிந்துரை: நிலவுரிமை சாராக் கனிமம். ‘அரசு சாரா நிறுவனம்’ பழகிய காதுக்கு இது உறுத்தாது. பென்டோனைட் களிமண் போல நிலத்துக்காரருக்கே சேருபவற்றை ‘நிலவுரிமைசார் கனிமம்’ எனலாம்.

> சூட்டைப் போய்க் கனிமம் என்பதா?

சட்டமும் அப்படிச் சொல்லவில்லை, ‘கனிமமாகக் கொள்ளப்படும்’ என்றுதான் சொல்கிறது. மொழிபெயர்ப்பில் அந்தக் ‘கொள்ளப்படும்’ விடுபடக் கூடாது.

ஒரு விலக்கு உண்டு. தன் மனையில், அங்குள்ள கட்டடத்துக்கே வெப்பம் எடுத்தால் அது ‘எடுப்பு’க் கணக்கில் வராது. குழாயை நீட்டிப் பக்கத்துத் தெருவுக்கும் கொடுத்தால் சுரங்க உரிமம் தேவைப்படலாம். ஊருக்கே பொதுவாகச் சூடேற்ற நினைப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். இந்த விலக்குக்கு ‘மனையளவுப் பயன்பாடு’ சரிவருமா?

100 மீட்டரைத் தாண்டும் துளை என்றால் சுரங்கத் துறைக்கு முன்கூட்டியே தெரிவிக்கவும் வேண்டும். வெறும் கெடுபிடி என்று தள்ளிவிட முடியாது. 2007-இல் ஜெர்மனியின் ஷ்டௌஃபன் நகரில் நகரமன்றக் கட்டடத்தைச் சூடேற்ற 140 மீட்டர் ஆழத்துக்கு ஏழு துளைகள் போட்டார்கள். நிலத்தடி நீர் அன்ஹைட்ரைட் (நீரற்ற கால்சியம் சல்பேட்) பாறை அடுக்குக்குள் புகுந்து, அது ஜிப்சமாக மாறி உப்பியது. ஊரின் மையப் பகுதியே மேலெழும்பி, 250-க்கும் மேற்பட்ட கட்டடங்களில் விரிசல்.

அந்தத் துளைக்குள் இறக்குவதை ‘ஆய்வுகோல்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அது எதையும் ஆய்வதில்லையே! திரவம் இறங்கி ஏறும் வளைகுழாய், அவ்வளவுதான். ‘வெப்பச்சுற்றுக் குழாய்’ என்று போட்டிருக்கிறேன். மறுப்பிருந்தால் எழுதுங்கள்.