இங்கிலாந்து போன பிள்ளைகளுக்கும், சேலத்தில் போனை எடுக்கும் வீட்டுக்கும்

நர்ஸ் வேலைக்கோ படிப்புக்கோ, கல்யாணமாகி டிபெண்டன்ட் விசாவிலோ சேலத்திலிருந்து கிளம்புகிறவர்கள் ஜாக்கெட் எங்கே வாங்குவது, எத்தனை கிலோ புளி கொண்டுபோகலாம் என்றெல்லாம் விசாரிக்கிறார்கள். அங்கே யாராவது கை வைத்தால் என்ன செய்வது என்று மட்டும் கேட்பதில்லை. அடி விழுந்த பிறகு அம்மாபேட்டைக்கு போன் வரும். "ரத்தக்காயம் ஒண்ணும் இல்லையே கண்ணு, கொஞ்சம் பொறுத்துக்கோ" என்று இங்கிருந்து பதில் போகும்.

அந்தக் கணக்கு அங்கே செல்லாது. இங்கிலாந்து, வேல்ஸ் சட்டத்தில் காமன் அசால்ட் என்ற குற்றத்துக்குக் காயமே தேவையில்லை. இதோ அடி விழப்போகிறது என்று நீங்கள் நினைக்கும்படி ஒருவர் வேண்டுமென்றே கையை ஓங்கினாலே போதும், மேலே பட்டிருக்கக்கூட வேண்டாம். நம் நாட்டுச் சட்டத்தில் வெறும் பேச்சு தாக்குதல் ஆகாது. அங்கே வாய்மிரட்டலும், பேசாமல் மறுபடி மறுபடி வரும் போனும்கூட அந்தக் கணக்கில் வரலாம் என்று 1997-லேயே, அப்போது அங்கே உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்பு சொல்லிவிட்டது. தள்ளுவது, முடியைப் பிடித்து இழுப்பது, எச்சில் துப்புவது எல்லாமே குற்றம்தான். 6 மாதம் வரை சிறை. காயம் பட்டிருந்தால் 1861-ம் ஆண்டுச் சட்டப்படி 5 வருடம் வரை போகலாம். அடித்தது புருஷனா, மேனேஜரா, ரூம்மேட்டா என்பதால் குற்றம் இல்லை என்று ஆகிவிடாது.

அவசரம் என்றால் 999. பக்கத்தில் ஆள் இருப்பதால் பேச முடியவில்லையா? மொபைலில் 999-ஐ அழைத்து, 55 அமுக்கச் சொல்லும்போது அமுக்குங்கள், போலீசுக்கு இணைப்பார்கள். ஆனால் அதனால் நீங்கள் இருக்கும் இடம் தானாகத் தெரிந்துவிடாது. லைனை வெட்டாமல், கேட்கிற கேள்விக்கு இருமியோ போனைத் தட்டியோ பதில் சொல்லுங்கள். அவசரமில்லாத புகாருக்கு 101. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம், காசு கிடையாது. தெரிந்த அண்ணன் ஒருவர் வந்து பேசுகிறேன் என்றால் வேண்டாம் என்றுவிடுங்கள்.

இனி சொல்வது சேலத்தில் இருக்கும் பெரியவர்களுக்கு. நம் ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர். (புகார் ரசீது) போட்டு, இரண்டு வீட்டாரும் உட்கார்ந்து பேசி, எழுதிக் கொடுத்து ராசியாகிவிடுவது வழக்கம். அங்கே வழக்கு போடலாமா என்று முடிவெடுப்பது போலீசும் அரசு வழக்கறிஞர் துறையும். மருமகள் வாபஸ் வாங்குகிறேன் என்றாலும், மற்ற சாட்சி இருந்தால் வழக்கு நடக்கலாம். பையனுக்கு ஜாமீன் கொடுக்கும்போது, நேரிலோ வேறு ஆள் மூலமாகவோ அவளைத் தொடர்பு கொள்ளக்கூடாது என்று பெரும்பாலும் நிபந்தனை போடுவார்கள். அப்போது அவன் சொல்லி நீங்கள் ஓமலூரிலிருந்து போன் போட்டு "கேஸை விட்டுடும்மா" என்றால், சிக்கல் அவனுக்குத்தான். பாசத்தில் செய்தோம் என்பது அங்கே எடுபடாது.

குடும்ப நீதிமன்றத்தில் தனியாகப் பாதுகாப்பு உத்தரவும் வாங்கலாம். 1996-ம் ஆண்டுச் சட்டப்படி கிடைக்கிற இதற்குக் கோர்ட் கட்டணம் இல்லை. உத்தரவை மீறினால் அதுவே குற்றம், 5 வருடம் வரை தண்டனை உண்டு.

பெண்கள் வாய் திறக்காமல் இருப்பதற்கு முக்கியமான காரணம் விசா. வேலை விசாவிலோ மாணவர் விசாவிலோ இருப்பவரின் மனைவிக்கும், குடும்ப வன்முறையால் உறவு முறிந்திருந்தால், 3 மாதம் தனியாகத் தங்க அனுமதியும் அரசு உதவியும் கேட்க வழி இருக்கிறது. அதை வாங்கினால் கையில் இருக்கும் விசா ரத்தாகிவிடும். அதனால் முதலில் குடியேற்ற வழக்கறிஞரைப் பாருங்கள், பிறகு விண்ணப்பம்.

நாள் கடத்துவதும் ஆபத்து. காயமில்லாத தாக்குதலுக்குப் பொதுவாக 6 மாதத்துக்குள் வழக்கு தொடங்கியாக வேண்டும். குடும்ப வன்முறையாக நடந்ததற்கு மட்டும் புகார் கொடுத்த நாளிலிருந்து 6 மாதம், ஆனால் சம்பவம் நடந்து 2 வருடத்துக்குள்.

அப்புறம், பிள்ளையை ஒரு தட்டுத் தட்டும் பழக்கம். ஸ்காட்லாந்தில் 2020 முதலும் வேல்ஸில் 2022 முதலும் பெற்றோர் அடித்தாலும் சட்டப்படி குற்றம்.

சேலத்திலிருந்து 999 அடித்தால் அங்கே போய்ச் சேராது. பிள்ளை இருக்கும் ஊர் போலீசின் இணையதளத்தில் வெளிநாட்டிலிருந்து அழைக்கும் முழு எண்ணைப் பார்த்து எழுதி வையுங்கள், கூடவே வீட்டு முகவரியையும் போஸ்ட்கோடையும்.