கடல்தண்ணித் தொட்டியில கை வைக்கச் சுள்ளெண்டுது

உவர்மலை_ரீஃப்: 3 அடிக் கடல்மீன் தொட்டி. கையில கீறல் இருந்தாச் சுள்ளெண்டுது. தண்ணிக்கும் எர்த்துக்கும் இடையில மீட்டர் 38 வோல்ட் காட்டுது. தண்ணிக்குள்ள டைட்டானியம் எர்த் கம்பி போட்டாச் சரியோ?

வயர்மேன்: தண்ணிக்குள்ள கை விடாதேங்கோ! 38 எண்டதை மட்டும் நம்பேலாது, மோட்டரின்ர தூண்டல் வோல்ட்டையும் டிஜிட்டல் மீட்டர் காட்டும். ஆனா சுள்ளெண்டாக் கசிவு எண்டே எடுங்கோ. மீட்டர் முனையைத் தண்ணியில விட்டிட்டு, பிளக்குகளை ஒவ்வொண்டாக் கழட்டுங்கோ. சுவிட்சை நிப்பாட்டினாக் காணாது. எதைக் கழட்ட வோல்ட் சடாரெண்டு இறங்குதோ, அதுதான் ஆள். பவர்ஹெட்டில (தொட்டிக்குள்ள தண்ணியைச் சுழட்டிற மோட்டர்) வயர் உள்ளுக்குப் போற இடத்தில வெடிப்பிருக்கோ பாருங்கோ.

நிலாவெளி_உப்பு: கம்பி பிறகு, முதல்ல 30 மில்லியம்பியர் ட்ரிப் சுவிட்ச், கசிவு வந்தாக் கரண்டைத் தானே நிப்பாட்டிறது. 100 எண்டா ஆளைக் காப்பாத்தாது. ட்ரிப் இல்லாமக் கம்பி மட்டும் போட்டா, கசிவு மின்சாரம் தண்ணிக்குள்ளாலேயே ஓடிக்கொண்டிருக்கும். டெஸ்ட் பட்டன் சுவிட்சைத்தான் சோதிக்கும், வீட்டு எர்த்தை இல்லை. அதை வேறயா அளக்கோணும். ஸ்டீல் கம்பி வேண்டாம், துருப்பிடிக்கும்.

வயர்மேன்: ஓம். வயர் பிளக்குக்குக் கீழ தொங்கி வளைஞ்சு மேல ஏறோணும், அப்ப தண்ணி வளைவிலயே சொட்டும். வாடைக் காலத்தில பிளக் பின்னில பச்சை பூத்திருந்தா மாத்துங்கோ.

உவர்மலை_ரீஃப்: பவர்ஹெட்தான். கழட்ட 38 இலிருந்து 4 ஆயிட்டுது.

நிலாவெளி_உப்பு: ஒட்டிப் பாவிக்காதேங்கோ, எறியுங்கோ.