கூவக்கரை மக்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பியது சரிதானா?

சைதைக்காரன்:
2015 டிசம்பர்ல அடையாறு எங்க தெருவுக்குள்ள வந்துச்சு. நடக்க முடியாத அப்பாவை நாற்காலியோட மொட்டை மாடிக்குத் தூக்கிட்டுப் போனோம். அதனாலதான் சொல்றேன், ஆத்தங்கரையில யாரும் குடியிருக்கக் கூடாது. கூவமோ அடையாறோ, வெள்ளம் வந்தா முதல்ல போறது கரையோரக் குடிசைதான். ஊருக்குத் தெற்கே வெளிய இருக்கிற பெரும்பாக்கத்துல, கக்கூஸ், கரண்டோட மாடி வீடு அரசாங்கமே கொடுக்குது. அதை ஏன் எதிர்க்கணும்?

ஏழாவது மாடி:
சார், அப்படி வந்தவங்கள்ல நானும் ஒருத்தி. எழும்பூர் பக்கம் கூவம் ஓரமா இருந்தோம். அம்மா நாலு வீட்டுல பாத்திரம் தேய்ச்சாங்க, நடந்தே போய் வருவாங்க. ஜனவரியில எங்களை இங்க கொண்டாந்து இறக்கினாங்க. தம்பி அப்போ பத்தாவது. விடியக்காலை நாலரைக்கு எழுந்து ரெண்டு பஸ் மாறி பழைய ஸ்கூலுக்கே போனான். அம்மாவால அப்படிப் போக முடியலை, நாலு வீடும் ஒரே மாசத்துல கைவிட்டுப் போச்சு. இங்க வேலை கேட்டுப் போனா எங்க இருக்கேன்னு கேக்கிறாங்க. பெரும்பாக்கம்னதும் "அப்புறம் சொல்றேன்"னு கதவைச் சாத்திடறாங்க. வீடு நல்ல வீடுதான், இல்லைன்னு சொல்லலை. ஆனா வெள்ளத்துக்குப் பயந்துதானே கூட்டிட்டு வந்தாங்க? 2023 மிக்ஜாம் புயல்ல எங்க பிளாக்கைச் சுத்தி இடுப்பளவு தண்ணி. கரண்டு இல்லாம மேலயே கிடந்தோம்.

ஏரிநேசன்:
அக்கா கடைசியா சொன்னதை எல்லாரும் நல்லா படிங்க. பெரும்பாக்கம் பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டின தாழ்வான பூமி. தென்சென்னை ஏரிகள் நிரம்பி வழிஞ்சா தண்ணி அங்கதான் வந்து சேரும். அங்கிருந்து ஒக்கியம் மடுவுங்கிற வாய்க்கால் வழியா பக்கிங்காம் கால்வாய்ல இறங்கி, முட்டுக்காட்டுல கடலுக்குப் போகணும். ஒரு காலத்துல 5,000 ஹெக்டேருக்கும் மேல இருந்த சதுப்பு அது. பெருங்குடிக் குப்பைமேடு, ரோடு, ஐ.டி. கட்டடம்னு தின்னது போக, 2022-ல ராம்சார் பட்டியல்ல, அதாவது உலக அளவுல முக்கியமான சதுப்புகளோட பட்டியல்ல, சேர்ந்தப்போ கணக்கு 1,247 ஹெக்டேர். ஆத்தோரத்துல இருந்தவங்களைத் தூக்கிச் சதுப்போரத்துல வச்சா அது எப்படிப் பாதுகாப்பாகும்? பக்கிங்காம் கால்வாய்க்குள்ளயே பறக்கும் ரயிலுக்குத் தூண் நட்டாங்க. அதை யாரும் ஆக்கிரமிப்புன்னு சொல்லி எடுக்கலையே.

மெட்ராஸ் பையன்:
கூவம் நாறுறதே இந்தக் குடிசைகளாலதான். அதையும் பேசுங்க.

ஏழாவது மாடி:
தம்பி, எங்க வீட்டுக்குப் பத்தடி தள்ளி ஒரு பெரிய குழாய் இருந்துச்சு. ராத்திரி பகலா சாக்கடை கொட்டும். குடிசையில அவ்வளவு தண்ணிக்கு நாங்க எங்க போவோம்? அது ஊருக்குள்ள இருந்து வந்த சாக்கடை.

சைதைக்காரன்:
தூண் தப்புதான், சதுப்புல கட்டடம் கட்டினதும் தப்புதான். அதுக்காகக் குடிசை கரையிலேயே இருக்கலாம்னு ஆயிடுமா? அடுத்த வெள்ளத்துல ஒரு குழந்தை போனா யார் பதில் சொல்றது? ஊருக்குள்ள இடம் எங்க இருக்கு?

ஏரிநேசன்:
கரையில விட்டுடுங்கன்னு நான் சொல்லவே இல்லை. 1970-ல குடிசை மாற்று வாரியம் தொடங்கின காலத்துல, குடிசை இருந்த பகுதியிலயே அடுக்குமாடி கட்டிக் கொடுத்தாங்க. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம்னு வெளிய தள்ள ஆரம்பிச்சது 2000 வாக்குலதான். இன்னிக்கும் நகரத்துக்குள்ள பழைய குடியிருப்புகளை இடிச்சு, இன்னும் உயரமாக் கட்டிட்டுதான் இருக்காங்க. அதுல கூவக்கரை ஜனங்களுக்கும் சில மாடி ஒதுக்கலாம். மனசு வச்சா இடம் இருக்கு.

சைதைக்காரன்:
அம்மா, தம்பி பரீட்சை எழுதினானா?

ஏழாவது மாடி:
எழுதினான் சார். கணக்குல போச்சு. மறுபடி எழுதித்தான் பாஸ் பண்ணான்.

சைதைக்காரன்:
பரீட்சை நேரத்துல இடம் மாத்தினது அநியாயம். அதை ஒத்துக்கிறேன். மே மாசம் செஞ்சிருக்கணும். ஆனா கரையைக் காலி பண்ணணும்ங்கிறதுல நான் மாறலை.

ஏழாவது மாடி:
மே மாசம் வந்திருந்தாலும் அம்மாவுக்கு எழும்பூர் 25 கிலோமீட்டர்தான் சார்.