பழைய எக்ஸ்பி பெட்டி திடீர்னு ஊர்ந்து போகுதா? ஹார்ட் டிஸ்க் பிஐஓ மோட்ல மாட்டுன கதைகளைப் போடுங்க

பிரஸ்காரன்:
நம்ம பிரஸ்ல இன்னும் ஒரு பென்டியம் 4 பெட்டி உயிரோட இருக்கு. ஏன் தூக்கிப் போடலன்னு கேக்காதீங்க, பக்கம் வடிவமைக்கிற பேஜ்மேக்கர் 7, யூனிகோடுக்கு முந்தின தமிழ் ஃபான்ட், பாரலல் போர்ட்ல சொருகுற சாஃப்ட்வேர் பூட்டு டாங்கிள், இது மூணும் சண்டை போடாம ஓடுறது அதுல மட்டும்தான். அக்கா கல்யாணப் பத்திரிக்கை மாதிரியே தங்கச்சிக்கும் வேணும்னு பழைய ஃபைலைத் தேடிட்டு வர்ற கஸ்டமர் இன்னமும் இருக்காங்க. 845 சிப்செட் போர்டு, 80 ஜிபி ஐடிஈ டிஸ்க் (பட்டைக் கேபிள்ல மாட்டுற பழைய வகை), விண்டோஸ் எக்ஸ்பி.

கொஞ்ச நாள் முன்னாடி திடீர்னு ஒரே இழுவை. ஃபோல்டர் காப்பி போட்டா மவுஸ் பாயின்டர் தவ்வித் தவ்விப் போகுது, பாட்டு ஓடிட்டு இருந்தா விக்கி விக்கி வருது, ஆன் பண்ணா டெஸ்க்டாப் வர்றதுக்குள்ள டீ குடிச்சிட்டு கிளாஸையும் கழுவி வச்சிடலாம். வைரஸ்னு ஒருத்தர், ரேம் பத்தலன்னு ஒருத்தர், சர்வீஸ்காரர் வழக்கம் போல ஃபார்மட் அடிச்சிடலாம் சார்னு. டாஸ்க் மேனேஜர்ல பார்த்தா எந்த ப்ரோக்ராமும் சிபியூவைத் திங்கல, ஆனா கிராஃப் மட்டும் உச்சத்துல நிக்குது. அங்கதான் சந்தேகம் வந்துச்சு. ப்ராசஸ் எக்ஸ்ப்ளோரர் போட்டுப் பார்த்தா ஹார்ட்வேர் இன்டரப்ட்ஸ்ங்கிற வரியில, அதாவது பாகங்கள் ப்ராசசரைக் கூப்பிடுற கணக்குல, போய் மொத்தமும் உக்காந்திருக்கு.

அதுக்கப்புறம் டிவைஸ் மேனேஜர், ப்ரைமரி ஐடிஈ சேனல், அட்வான்ஸ்டு செட்டிங்ஸ். மேல 'டிஎம்ஏ இஃப் அவைலபிள்'னு சமத்தா இருக்கு, கீழ கரன்ட் மோட்ல 'பிஐஓ'ன்னு இருக்கு. மேல இருக்கிறதை மட்டும் பார்த்துட்டு எல்லாம் சரியாத்தான் இருக்குன்னு மூடிட்டுப் போறவங்கதான் ஜாஸ்தி.

தெரியாதவங்களுக்கு சுருக்கமா சொல்றேன். டிஎம்ஏன்னா டிஸ்க்ல இருந்து டேட்டா ப்ராசசரைத் தொந்தரவு பண்ணாம நேரா மெமரிக்குப் போயிடும். பிஐஓன்னா ஒவ்வொரு துண்டையும் ப்ராசசரே கையால எடுத்து வைக்கணும். பேப்பர்ல பிஐஓ மோட் 4க்கு செகண்டுக்கு 16.6 எம்பி, அல்ட்ரா டிஎம்ஏ மோட் 5க்கு 100 எம்பி. நிஜத்துல எனக்கு டிஸ்க் வேகத்தை அளக்குற எச்டி ட்யூன்ல வந்தது 3, 4 எம்பிதான், அதுவும் கோடு போட்ட மாதிரி நேரா. நல்ல டிஸ்க்கா இருந்தா அந்த கிராஃப் இடப்பக்கம் உசரமா ஆரம்பிச்சு வலப்பக்கம் சரிஞ்சுகிட்டே போகணும், ஏன்னா டிஸ்க்குள்ள சுத்துற தட்டோட வெளி ஓரத்துல ஒரு சுத்துக்கு டேட்டா அதிகம், உள்ள போகப் போக குறையும். கோடு நேரா இருந்தா நெரிசல் தட்டுல இல்ல, வழியிலன்னு அர்த்தம். ரெண்டே நிமிஷத்துல தெரிஞ்சிடும், காசும் கிடையாது.

எக்ஸ்பி இதை சும்மா செய்றதில்ல. டிஸ்க்குக்கும் போர்டுக்கும் நடுவுல டேட்டா கெட்டுப் போய் சிஆர்சி எரர் வந்தாலோ, டிஸ்க் நேரத்துக்கு பதில் சொல்லாம டைம் அவுட் ஆனாலோ அதோட டிரைவர் எண்ணிக்கிட்டே வரும். மொத்தம் 6 சேர்ந்ததும் ஒரு படி இறக்கும், அப்புறமும் வந்தா இன்னும் ஒரு படி, கடைசியில பிஐஓ. இறக்கினதைத் தானா ஏத்தாது, அதுதான் கொடுமை. ரீஸ்டார்ட் பண்ணாலும் அப்படியே நிக்கும், ஏன்னா கணக்கு ரெஜிஸ்ட்ரியில, அதாவது விண்டோஸோட செட்டிங்ஸ் கிடங்குல, எழுதி வச்சிருக்கு.

அந்த ப்ரைமரி சேனலை டிவைஸ் மேனேஜர்லயே அன்இன்ஸ்டால் குடுத்து ரீஸ்டார்ட் பண்ணா புதுசா கண்டுபிடிச்சு டிஎம்ஏல ஏத்திக்கும். பண்ணேன், மோட் 5 வந்துச்சு, பெட்டி பறந்துச்சு. கொஞ்ச நாள்ல மறுபடி பிஐஓ. சரின்னு ஸ்மார்ட் விவரத்தை, அதாவது டிஸ்க் தன் உடம்பு நிலையைத் தானே எழுதி வைக்கிற கணக்கைப் பார்த்தா சி7, அதாவது அல்ட்ரா டிஎம்ஏ சிஆர்சி எரர் கவுண்ட், ஏறிக்கிட்டே இருக்கு. ஆனா 05ம் (கெட்டுப் போய் மாத்தி வச்ச இடங்கள்) சி5ம் (சந்தேகத்துல நிக்கிற இடங்கள்) சுத்தமா பூஜ்யம். அப்ப தட்டு நல்லாத்தான் இருக்கு, கேபிள்ல கோளாறு. கேபினெட்டைத் திறந்து பார்த்தா சைடு மூடி அந்தப் பட்டைக் கேபிளை ஒரு இடத்துல நசுக்கி வச்சிருக்கு. புது 80 கம்பி கேபிள் போட்டேன். சி7 பழைய நம்பர்லயே நிக்குது, அது குறையாது, ஏறாம இருந்தா போதும்.

மிக்ஸிங்அண்ணாச்சி:
பிரஸ்காரரே நல்லா எழுதியிருக்கீங்க. நான் கல்யாண வீடியோ மிக்ஸிங் பண்ணிட்டு இருந்தவன், மினி டிவி டேப் காலத்துல. ஃபயர்வயர்ல கேப்சர் பண்ணா செகண்டுக்கு 3.6 எம்பி வரும், ஒரு மணி நேர டேப்புக்கு 13 ஜிபி. பார்த்தா சின்ன நம்பர்தான், ஆனா ஒரு நொடி கூட நிக்காம வந்துகிட்டே இருக்கணும்ல, டிஸ்க் பிஐஓல இருந்தா ஃப்ரேம் ட்ராப் ஆயிடும். தாலி கட்டுற நேரத்துல படம் கெட்டிமேளத்துக்கு ஒரு தாவு தாவி நின்னா மாப்பிள்ளை வீட்டுக்காரன் சும்மா விடுவானா. கேமரா ஹெட்டைத் துடைச்சு, ஃபயர்வயர் கார்டை மாத்தி, டேப் கம்பெனியைத் திட்டி, எல்லாம் ஆச்சு.

என் கேஸ்ல கேபிள் நல்லாத்தான் இருந்துச்சு. சாப்பிடப் போறப்பல்லாம் ஸ்டேண்ட்பைல போட்டுட்டுப் போவோம். எழுப்புறப்ப டிஸ்க் சுத்தி வேகம் பிடிக்க நேரமாகுது, எக்ஸ்பி அதையும் ஒரு டைம் அவுட்டா எண்ணிக்குது. இது தெரிஞ்ச குறைதான், அதுக்குன்னே ரெஜிஸ்ட்ரியில ஒரு வேல்யூ வச்சிருக்கான். கன்ட்ரோல், கிளாஸ் கீழ 4டி36ஈ96ஏன்னு ஆரம்பிக்கிற கீ, அதுக்குள்ள 0001, 0002ன்னு சேனல்கள். 'ரீசெட் எரர் கவுண்டர்ஸ் ஆன் சக்சஸ்'னு ஒரு டிவேர்டு (நம்பர் வேல்யூ) போட்டு 1 குடுத்தா ஒழுங்கா ஒரு தடவை டேட்டா வந்ததும் கணக்கை அழிச்சிடும். ஏற்கெனவே இறங்கினதை ஏத்த அதே இடத்துல இருக்கிற 'மாஸ்டர் ஐடி டேட்டா செக்சம்'ங்கிறதை டெலீட் பண்ணி ரீஸ்டார்ட்.

டிவிடி ரைட்டர் வச்சிருக்கவங்க செகண்டரி சேனலையும் பாருங்க. கீறல் விழுந்த சிடியைப் போட்டுப் போட்டு அதுவும் பிஐஓக்கு இறங்கியிருக்கும், ரைட் பண்றப்ப பஃபர் மேலயும் கீழயும் ஆடும், ஆள் ரைட்டரைத்தான் திட்டுவான்.

சும்மாஒருத்தன்:
அண்ணே எனக்கு ஃபார்மட் அடிச்சதும் சரியாயிடுச்சே? இவ்ளோ சுத்தணுமா?

பிரஸ்காரன்:
சரியாகும் தம்பி, ஏன் ஆகாது. ஃபார்மட் அடிச்சா ரெஜிஸ்ட்ரியும் புதுசு, அந்தக் கணக்கும் போச்சு. சர்வீஸ்காரங்களுக்கு ஃபார்மட் ராசியா இருந்ததுக்கு இதுவும் ஒரு காரணம்னு நினைக்கிறேன். கேபிள் அப்படியே இருந்தா திரும்பி வரும், திரும்பி வந்தா திரும்பி ஃபார்மட், அவருக்கு என்ன கஷ்டம்.

எடைமேடை:
அண்ணாச்சி சொன்ன அந்த ரீசெட் எரர் கவுண்டர்ஸ் விஷயத்துல எனக்கு கொஞ்சம் மாத்துக் கருத்து. ஸ்டேண்ட்பைதான் காரணம்னு உறுதியா தெரிஞ்சா போடுங்க, இல்லன்னா வேணாம். நான் எடை மேடை கம்ப்யூட்டர்களைப் பராமரிக்கிற ஆளு, சீரியல் போர்ட்ல எடை வாங்கி பில் அடிக்கிற பழைய சாஃப்ட்வேர், எல்லாம் எக்ஸ்பிதான், லாரி தூசி வேற. ஒரு இடத்துல ஸ்லோவா இருக்குன்னு யாரோ வந்து மோடை ஏத்தி விட்டு இந்த வேல்யூவையும் போட்டுட்டுப் போயிருந்தாங்க. மெஷின் வேகமாத்தான் இருந்துச்சு, ஓனருக்கு சந்தோஷம். நான் வேற வேலையா போனப்ப விண்டோஸ் எரரை எழுதி வைக்கிற ஈவென்ட் வியூவரைத் திறந்தா டிஸ்க்னு சோர்ஸ் போட்டு 7ம் நம்பர் எரர் வரிசையா நிக்குது, அது பேட் பிளாக். ஸ்மார்ட்ல சி5 ஏறியிருக்கு, 05 ஏறியிருக்கு. டிஸ்க் சாகுறப்ப அடிச்ச மணியை யாரோ கழட்டி வச்சிட்டுப் போயிருக்காங்க. அன்னைக்கே லாரி கணக்கு மொத்தத்தையும் வேற டிஸ்க்குக்கு மாத்துனோம், அதுலயும் சில ஃபைல் வரல.

அதனால மோட் இறங்கியிருக்குன்னு தெரிஞ்சா ஏத்துறதுக்கு முன்னாடி ஸ்மார்ட்டைப் பாருங்க. சி7 மட்டும்னா கேபிள், இல்லன்னா கனெக்டர். 05, சி5 அசைஞ்சிருந்தா முதல்ல பேக்கப், மோடைப் பத்தி அப்புறம் பேசலாம். ஈவென்ட்ல சோர்ஸ் அடாபின்னு (ஐடிஈ டிரைவரோட பேர்) 9ம் நம்பர் வந்தா டைம் அவுட், அதுக்கு எஸ்எம்பிஎஸ்ல (பவர் சப்ளை பெட்டி) இருந்து வர்ற பவர் ஒயரையும் ஒரு தடவை அழுத்தி விட்டுப் பாக்கணும்.

சும்மாஒருத்தன்:
ஐடிஈக்கு அப்புறம் வந்த சாட்டா டிஸ்க்குக்கு இதெல்லாம் கிடையாதுல்ல?

எடைமேடை:
பயாஸ்ல ஐடிஈ மோட்ல விட்டு எக்ஸ்பி போட்டிருந்தா அதுவும் இதே டிரைவர்தான், இதே கூத்துதான். அதுக்காக டிரைவர் போடாம ஏஹெச்சிஐக்கு (சாட்டாவோட சொந்த மோட்) மாத்திடாதீங்க, 7பி ப்ளூ ஸ்க்ரீன் வரும். லினக்ஸும் இறக்கும், ஆனா டிமெசேஜ்ல (கெர்னல் மெசேஜ் காட்டுற கமாண்ட்) 'லிமிட்டிங் ஸ்பீடு'ன்னு வாய் விட்டு சொல்லிடும்.

மிக்ஸிங்அண்ணாச்சி:
எடைமேடை தம்பி சொல்றது நியாயம்தான், ஒத்துக்கிறேன். பழைய டிஸ்க்குக்கு பதிலா சிஎஃப் கார்டு (பழைய கேமரா மெமரி கார்டு) போடலாம்னு சில பேர் கிளம்புறாங்க, அந்த அடாப்டர்கள்ல சிலதுல டிஎம்ஏ கம்பியே இணைச்சிருக்காது, என்ன தலைகீழா நின்னாலும் பிஐஓதான்.

சும்மாஒருத்தன்:
அந்த 80 கம்பி கேபிள் இப்ப எங்க கிடைக்கும்? பார்த்தா எப்படி அடையாளம் தெரியும்?

பிரஸ்காரன்:
புதுசு கஷ்டம் தம்பி. சென்னைன்னா ரிச்சி ஸ்ட்ரீட்ல பழைய பார்ட்ஸ் கடைகள்ல கிளறணும். கனெக்டர்ல ஓட்டை பழசு மாதிரியே 40 பின்னுக்குத்தான் இருக்கும், கம்பிதான் ரெண்டு மடங்கு, கூடுதல் 40ம் எர்த். அதனால பட்டை மேல விரலை வச்சா வரி ரொம்ப நெருக்கமா, மெலிசா இருக்கும். நீலம் போர்டுக்கு, கறுப்பு நுனி மாஸ்டருக்கு (முதல் டிஸ்க்), நடுவுல சாம்பல் ஸ்லேவுக்கு (ரெண்டாவது). ஒரே டிஸ்க்னா கறுப்புலதான் மாட்டணும், நடுவுல மாட்டிட்டு நுனியைத் தொங்க விட்டா சிக்னல் அங்க போய் முட்டித் திரும்பும். பழைய 40 கம்பி கேபிள் குடுத்து இதுவும் ஒண்ணுதான்னு கடைக்காரர் சொல்லுவாரு, வாங்கிடாதீங்க, அதுல மோட் 2, 33 எம்பிக்கு மேல ஏறாது. 18 இஞ்ச்சுக்கு மேல நீளமா இருந்தாலும் வேணாம்.